சிறுவாடும் பொழுதுபோக்கும்

பொழுதைப் போக்க வேண்டுமென்றால் முதலில் பொழுது கையில் இருக்க வேண்டும். 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அடுத்த ஆண்டு ஊரடங்கு வந்தது. மொட்டைமாடியிலும் கொல்லையிலும் நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்ப்பது பலருக்குப் புதிய பொழுதுபோக்கானது. என்னோடு பணியாற்றும் ஆசிரியைகள் சிலர் மாடித்தோட்டம், தையல், ஓவியம் என்று ஒவ்வொன்றாக முயன்று கடைசியில் கோழிக்குஞ்சுக்கு வந்து சேர்ந்தார்கள். “புது ஹாபி மேடம்” என்று கைபேசியில் படம் காட்டினார்கள். அவர்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சி உண்மையானது.

ஆனால் எங்கள் அப்பத்தாக்கள் ஆயுள் முழுக்கச் செய்த இதே வேலைக்கு என்ன பெயர் இருந்தது? அதைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொன்னதில்லை, தொழில் என்றும் சொன்னதில்லை. படிவங்களில் அவர்களுக்குக் கிடைத்த சொல் ‘இல்லத்தரசி’. இப்படிப் பெயரில்லாமல் கிடந்த ஒரு வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. தமிழ் படித்தவள் என்பதால் அதைச் சங்கப் பாடல்களில் இருந்தே தேடத் தொடங்கினேன்.

பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் தானியம் காய்கிறது. அதைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் தம் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறார்கள். அது தெருவில் கிடந்து, சிறுவர்கள் உருட்டி வரும் முக்கால் சிறுதேரைத் தடுக்கிறது. வகுப்பறைகளில் இதைச் சோழநாட்டின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகச் சொல்லிக்கொடுக்கிறோம். கண்ணைப் பறிப்பது எறியப்பட்ட பொன். அதற்குப் பின்னால் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. வெயிலில் தானியம் உலர்த்துவதும், அதற்குக் காவல் இருப்பதும், கோழியை விரட்டுவதும் பெண்களின் பொறுப்பாக இருந்தன. குழை பொன்னாலானது என்பதால் அந்த வேலை இல்லாமல் போய்விடுவதில்லை.

இதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையும் பாடியவர். அதில் அந்தணர் வீட்டை விவரிக்கையில், வீட்டுக்கோழியும் நாயும் அங்கே நெருங்குவதில்லை என்கிறார். அங்கே இருப்பது வேதம் ஓதப் பழக்கப்பட்ட கிளி. அதே நூலில் வேறொரு வீட்டில் பாணருக்குக் கோழிப்பெடையின் பொரியல் கிடைக்கிறது. முற்றத்தில் எந்தப் பறவை நிற்கிறது என்பதை வைத்தே வீட்டின் சாதியை அடையாளம் காணலாம் என்பது அவ்வளவு பழைய செய்தி. எனவே கோழி வளர்த்த பெண் என்று பொதுவாகப் பேச முடியாது. இன்று மாடியில் குஞ்சு வளர்ப்பது ‘இயற்கை வாழ்வு’ என்று பாராட்டப்படுகிறது. சேரியிலும் குடிசையிலும் கோழி வளர்த்த பெண்ணைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டதும் இதே ஊர்தான்.

பெட்டைக்கோழியை அருகிருந்து பார்த்து எழுதியவர் ஒரு பெண் கவிஞர், ஒக்கூர் மாசாத்தியார். குறுந்தொகை 139-ஆம் பாட்டில் மாலை மங்கும் நேரம், வேலியோரம் காட்டுப்பூனை வந்து நிற்கிறது. எங்கே ஒளிவது என்று தெரியாமல் குஞ்சுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. குட்டைக் கால்களையுடைய வீட்டுப்பெடை பதறிக் கத்தி அவற்றைக் கூட்டுகிறது. பரத்தையிடம் போய்விட்டு வாசலில் வந்து நிற்கும் தலைவனைத் தோழி உள்ளே விட மறுக்கும் பாட்டு இது. ஊர்ப்பேச்சின் இன்னாத ஓசைக்குப் பெடையின் அந்தக் குரல் உவமை. மாலையில் குஞ்சுகளை எண்ணிப் பஞ்சாரத்தில் அடைத்துப் பழகியவர்களுக்கு இந்தக் குரல் நன்றாகத் தெரியும். சேவல் கூவுவதை ஊரே கேட்கும். பெடையின் இந்தக் கலவரக் குரலைக் கேட்க, அந்த நேரத்தில் கொல்லையில் இருந்திருக்க வேண்டும்.

வரலாறு பெரும்பாலும் சேவலையே குறித்து வைத்திருக்கிறது. முருகனின் கொடியில் இருப்பது சேவல். உறையூருக்குக் கோழி என்றே பெயர். யானையை எதிர்த்து வென்ற சேவலால் வந்த பெயர் அது என்பார்கள். விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. மேற்சேரிக்காகச் சண்டையிட்டு மாண்ட கோழி என்று வட்டெழுத்தில் பொறித்து, சேவலின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். போரில் விழுந்த வீரனுக்குக் கொடுத்த மரியாதையைப் பந்தயத்தில் விழுந்த சேவலுக்கும் கொடுத்த சமூகம் இது. அந்தச் சேவலும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு பெட்டையின் சிறகுக்குள் வளர்ந்த குஞ்சுதான். அதைப் பருந்துக்கும் கீரிக்கும் கொடுக்காமல் காத்தவள் யாரென்று கல்லில் இல்லை.

அவள் என்னென்ன செய்தாள் என்பதையாவது எழுதி வைக்கலாம். கோழி அடைக்குப் படுக்கும் குறிப்பறிந்து, கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, ஒற்றைப்படையில் முட்டை எண்ணி வைப்பாள். இடிச்சத்தத்தில் முட்டை கெட்டுப்போகும் என்று ஓர் இரும்புத்துண்டையும் கூடையில் போடுவாள். இருபத்தொரு நாள் கணக்கு மனசுக்குள் ஓடும். பொரிக்கும் நாள் நெருங்கும்போது வெதுவெதுப்பான நீரில் முட்டையை மிதக்கவிட்டு, அசைந்தால் உயிர், அசையாவிட்டால் கூமுட்டை என்று பிரிப்பாள். குஞ்சுகளுக்குக் குறுணை தூவுவாள். பழைய பானையில் சாணியும் ஓலையும் திணித்து ஈரமண்ணில் கவிழ்த்து, மறுநாள் அதில் ஏறிய கரையானைத் தட்டிப் போடுவாள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் மொத்தக் கோழியும் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். இத்தனையும் களைவெட்டுக்குப் போய்வந்த பிறகோ போவதற்கு முன்போ நடந்தது.

இதிலிருந்து வந்த காசுக்குச் சிறுவாடு என்று பெயர். முட்டை விற்றதும் மோர் விற்றதும் திருவிழாவுக்குச் சேவல் விற்றதும் அரிசிப்பானைக்குள்ளோ முந்தானை முடிச்சிலோ போய்ச் சேரும். நிலம் ஆண்பிள்ளைகளுக்கு, வீடு ஆண்பிள்ளைகளுக்கு, மாடு வீட்டுக்காரருக்கு என்று இருந்த காலத்தில் கோழி அவளுடையது. அதை விற்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம உரிமை இல்லை. அது தமிழ்நாட்டில் 1989-இல்தான் சட்டமானது, அதன்பின் 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. அதுவரை பல பெண்களுக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள இருந்தது இரண்டு கால், இரண்டு சிறகுள்ள இந்த உயிர்தான். காசில்லாதவள் இன்னொருத்தியின் பெட்டையை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, குஞ்சில் பாதியைத் தன் பங்காக எடுத்துக்கொள்வாள். எழுத்தும் கையெழுத்தும் இல்லாத ஒப்பந்தம். பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் மகளின் வளைகாப்புச் சேலையும் அதிலிருந்து வந்தன. சிறுவாடு என்ற பெயரிலேயே ‘சிறு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவசரத்துக்கு அந்தச் சிறுகாசில் கைவைக்காத ஆண்கள் குறைவு.

பெண்ணின் கையிலிருந்த இந்தச் சிறுகாசு பெருந்தொழிலானால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. அங்கும் பண்ணைப் பெண்களுக்கு ‘முட்டைக் காசு’ என்று தனியாக ஒன்று இருந்தது. 1923-இல் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டு எழுதினார். தவறுதலாக 500 குஞ்சுகள் வந்து சேர்ந்தன. அவர் திருப்பி அனுப்பவில்லை. சிறு கொட்டகை போட்டு வளர்த்து, இறைச்சிக்கு விற்றார். நல்ல லாபம் வந்தது. மூன்றே ஆண்டுகளில் அவருடைய பண்ணை பத்தாயிரம் குஞ்சுகளுக்குப் பெருகியது. கணவர் கடலோரக் காவல் பணியை விட்டுவிட்டு இதில் சேர்ந்துகொண்டார். பிராய்லர் தொழிலின் தொடக்கமாக இன்று இதைச் சொல்கிறார்கள், அந்தக் கொட்டகையையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் தொழில் வளர வளர, தீவனமும் குஞ்சும் விலையும் நிறுவனங்களின் கைக்குப் போயின. முட்டைக் காசு என்ற தனிக்கணக்கு மறைந்தது.

நம் ஊரில் அந்த மாற்றம் நாமக்கல்லில் நடந்தது. பண்ணைக் கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடுகிறது. நாட்டுக்கோழி ஐம்பது, அறுபதுதான். 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தபோது ஏழைப் பிள்ளைகளின் தட்டுக்கு அது வந்து சேர முடிந்தது இந்தப் பண்ணைகளால்தான். அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் அதிக முட்டைக்காகத் தேர்ந்து வளர்த்த அந்த இனம் அடைகாப்பதை மறந்துவிட்டது. அடைகாப்பது இப்போது பொரிப்பகத்து இயந்திரத்தின் வேலை.

பொரிப்பகத்தில் குஞ்சு வெளிவந்ததும் ஆணா பெண்ணா என்று பார்க்கிறார்கள். முட்டைப் பண்ணைக்குச் சேவல் வேண்டாம். ஆண் குஞ்சுகளில் பெரும்பாலானவை அன்றே கொல்லப்படுகின்றன. கொஞ்சம் சாயத்தில் முக்கப்பட்டு, தெருவில் பச்சையும் சிவப்புமாகக் குழந்தைகளின் விளையாட்டுக்கு விற்கப்படுகின்றன. நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதும் அதே சேலம் மாவட்டத்தில்தான். ஒரே மண்ணில், பொரிப்பகத்தில் பெண் மட்டும் வேண்டும், வீட்டில் ஆண் மட்டும் வேண்டும். இரண்டு இடத்திலும் பிறந்த உயிரின் மதிப்பை அது என்ன ஈட்டித்தரும் என்பதை வைத்தே கணக்கிட்டார்கள். பெட்டைக்கோழியின் உழைப்புக்கு விலை இருந்தது. பெண்ணின் உழைப்பு சிறுவாடு என்ற பெயரில் கணக்குக்கு வெளியே நின்றது. ‘பெண்பிள்ளை செலவு’ என்ற பொய் அப்படித்தான் நிலைத்தது என்று நான் நினைக்கிறேன்.

புறக்கடைக் கோழி அழிந்துவிடவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் மொத்தக் கோழியினம் 85 கோடி, அதில் வீட்டுப் புறக்கடையில் வளர்பவை ஏறத்தாழ 32 கோடி. 2012-இல் இருந்ததைவிட இது 46 விழுக்காடு அதிகம். கோழிகளின் எண்ணிக்கை அரசுக் கணக்கில் ஏறிவிட்டது. அவற்றைத் திறந்துவிட்டு அடைக்கும் கைகள் இன்னும் ‘இல்லத்தரசி’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

அதனால் பொழுதுபோக்கு என்ற சொல் பெண்ணுக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். லாபமில்லாமல், யாருக்கும் பயனில்லாமல், ஒரு குஞ்சு தண்ணீர் குடித்துவிட்டுத் தலை தூக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவளுக்கு உரிமை உண்டு. உழைத்தவர்களுக்கும் அந்தப் பார்வை இருந்தது. இல்லாவிட்டால் மாசாத்தியாரின் பாட்டு வந்திருக்காது.

மாசாத்தியாரைப் படிக்கும்போதெல்லாம் இன்னொரு பெண் கவிஞரும் எனக்கு நினைவுக்கு வருவார். நான்சி லூஸ், 1814-இல் பிறந்து 1890-இல் இறந்தவர். மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த மார்த்தாஸ் வினியார்ட் தீவில் நோயோடு தனியாக வாழ்ந்தார். கோழிகளுக்கு விநோதமான பெயர்கள் வைத்தார், அவற்றைப் பற்றிக் கவிதைகள் எழுதினார், அவற்றை அச்சிட்டுத் தீவுக்கு வருகிறவர்களிடம் விற்றுப் பிழைத்தார். இளைஞர்கள் கூட்டமாக வந்து கேலி செய்தார்கள். செத்த கோழிகளில் சிலவற்றுக்கு அவர் பளிங்கில் கல்லறைக் கல் வைத்தார். அரசலாபுரத்துக் கல், ஒரு சேரி தன் பெருமைக்காகச் செத்த சேவலுக்கு நட்டது. நான்சியின் கற்கள், ஒருத்தி தன்னோடு வாழ்ந்த பெட்டைகளுக்கு வைத்தவை. வரலாற்று நூல்களில் முதல் வகைக்கு எப்போதும் இடமுண்டு. இரண்டாவது வகையைப் ‘பைத்தியம்’ என்று ஒதுக்கினார்கள்.

மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் கோழி வளர்த்த பெண் உயிரோடு இருந்தால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். சிறுவாடு எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவானது, யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிரியமான பெட்டைக்கு என்ன பெயர் வைத்திருந்தார் என்றும் கேளுங்கள். இரண்டு பதில்களையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்.