காவுதடிச் சோறு

பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், இரவு பத்து மணியளவில் வணிகம் தொடங்கும் சோற்றுக்கடை ஒன்று உண்டு. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டி அமைந்த அக்கடையின் முன் மக்கள் வரிசை பிடித்து நிற்பர். அவ்வரிசையே கடைக்குப் பெயராகிவிட்டது. 'பெராத்தூர்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வரிசையில் நிற்றல் என்பது பொருள். ஊர் உறங்கப் போகும் வேளையில் உலை கொதிக்கும் இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றியது என்று ஆராயப் புகுவோர், உணவின் சுவையை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்நகரத்து உழைப்பாளியின் வேலை நேரத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

அச்சோற்றுக்கு 'நாசி கண்டார்' என்று பெயர். நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளின்மேல் தண்டு வைத்து, அதன் இரு முனைகளிலும் பாரத்தைத் தொங்கவிட்டுச் சுமத்தல். இரண்டும் மலாய்ச் சொற்களே. தமிழ்ப்பள்ளி மாணவர் 'கண்டார்' என்பதைக் காண் என்னும் பகுதியினின்று பிறந்த வினைமுற்று எனக் கொண்டால் அவரைக் குறைகூற இயலாது. எழுத்து அப்படித்தான் காட்டுகிறது. சொல் மலாயாயினும் சுமந்தவர் தமிழ் முஸ்லிம்கள், சமைத்தவரும் அவர்களே. அச்சுமைத் தண்டைத் தமிழில் காவுதடி என்பர். முருகனடியார் தோளில் ஏந்தும் காவடியும் இவ்வமைப்பைச் சேர்ந்ததே.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் பொருட்டுக் கைக்கொண்டு, வரியற்ற துறைமுகமாக வளர்த்தார். 1794இல் அவர் எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த 'சூலியா' மக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் குடியமர்ந்திருந்ததையும், அவர்கள் கடைக்காரராகவும் கூலிகளாகவும் வாழ்ந்ததையும், ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறி வந்து, கிடைத்த தொழிலைச் செய்து, சிறிது பொருள் சேர்த்து ஊர் திரும்பியதையும் குறித்துள்ளார். இன்றைய சூலியா தெருவும், அதிலுள்ள நாகூர் தர்காவும், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அம்மக்களின் சுவடுகளே. வந்தவர் பெரும்பாலும் ஆடவர். மனைவியும் மக்களும் கடலுக்கு அப்பால் இருந்தனர். ஒரே அறையில் பலர் முடங்கிக் கிடந்த குடியிருப்புகளில் அடுப்பு மூட்டிச் சமைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே, பிறர் சமைத்து விற்கும் சோறு அவர்களுக்கு இன்பப் பொருளாக அன்றி அன்றாடத் தேவையாகவே அமைந்தது.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் நீராவிக் கப்பல்களின் வரவு பெருகிற்று. ஈயமும், பின்னர் இரப்பரும் இத்துறை வழியே வெளியேறின. 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கரைத்தெரு அமைக்கப்பட்டது. 1904இல் சுவெட்டன்ஹாம் கப்பல்மேடை எழுந்தது. எனினும் பெருங்கப்பல்கள் பல நடுக்கடலிலேயே நங்கூரம் இட்டன; சரக்கைத் தொங்கான்களில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. கப்பல் ஞாயிற்றின் உதயத்தைப் பார்த்து வருவதில்லை. அலையேற்றமும் கப்பல் முகவரின் ஆணையுமே தொழிலாளியின் நேரத்தை வகுத்தன. விடியுமுன் மூட்டை தூக்கப் போனவனுக்கு விடியுமுன்னரே சோறு வேண்டும். நள்ளிரவில் கரையேறியவனுக்கு நள்ளிரவில் வேண்டும். உண்பவன் கடையைத் தேடி வர இயலாத நிலையில், கடை உண்பவனைத் தேடி நடந்தது. காவுதடியின் வரலாறு இதுவே.

தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானை. மறுமுனையில் குழம்பு வகைகள். இருபுறமும் எடை ஒத்திருந்தாலன்றி நடக்க முடியாது. சோறு குறையக் குறையக் குழம்பும் குறைந்தாக வேண்டும் என்பது இத்தொழிலின் கணக்கு. மீன்குழம்பு, இறைச்சிக் குழம்பு, முட்டை, வெண்டைக்காய், கத்திரிக்காய் என வகைகள் பெருகியபோது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல குழம்புகளைச் சோற்றில் ஊற்றிக் கலக்கும் முறை நிலைபெற்றது. மலாயில் இதனை 'பஞ்சிர்', அதாவது வெள்ளம், என்பர். இன்று இது சுவையின் உச்சம் எனப் பாராட்டப்படுகிறது. ஆனால், இறைச்சித் துண்டு வாங்கக் காசில்லாதவனின் வெறுஞ்சோற்றுக்கும் அதன் மணத்தைக் குழம்பு வழியாக ஈந்த முறை இது எனக் கருத இடமுண்டு. ஏழ்மை பெற்றெடுத்த பிள்ளையைச் செல்வம் தத்தெடுத்துக் கொள்ளும் நிகழ்ச்சி உணவு வரலாற்றில் புதிதன்று.

தெருவில் நடந்த தடி, காலப்போக்கில் சுவரோரம் ஒதுங்கியது. பின்னர் கடைக்குள் புகுந்தது. கேம்பல் தெருவின் ஹமீதியா உணவகம் 1907ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறுகிறது. பினாங்குச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் அமைந்த 'லைன் கிளியர்' கடை, இரவு பகல் பாராது சோறு விற்றுப் புகழ் பெற்றது. சோற்றுக்கடையின் பக்கத்திலேயே 'சர்பத்' கடையும் வளர்ந்தது. அரபு நாட்டுச் சொல்லைத் தாங்கிய அக்கடையில் இஞ்சித் தேநீரும், கெட்டிப்பால் கலந்த 'தே தாரேக்'கும் கிடைத்தன. இரு குவளைகளுக்கு இடையே தேநீரைக் கையெட்டும் உயரத்திலிருந்து இழுத்து ஆற்றுவது வெறும் வித்தையன்று. கெட்டிப்பால் நன்கு கரையவும், கொதிப்பு அடங்கவும், நுரை எழவும் அதுவே வழி. அவசரமாக வேலைக்குத் திரும்ப வேண்டியவனுக்கு நாவைச் சுடாத தேநீர் ஒரு பெரும் உதவி.

இரவுக்கடை தமிழருக்கு மட்டும் உரியதாக இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. சூலியா தெருவிலும் கிம்பர்லி தெருவிலும் சீனரின் வண்டிக்கடைகள் விளக்கேற்றின. சீனரின் மஞ்சள் மீயை வாங்கித் தம் கைப்பக்குவத்தில் வறுத்து, மலாயில் 'மீ கோரேங்' எனப் பெயர் சொல்லி விற்றவர் தமிழ் முஸ்லிம்கள். மூன்று இனத்தார் ஒரே இருப்புச்சட்டியில் கூடிய இந்நிகழ்ச்சிக்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை.

1941 டிசம்பரில் சப்பானியர் குண்டு வீசிக் கைப்பற்றிய இந்நகர், 1945 செப்டம்பர் வரை அவர் ஆட்சியில் கிடந்தது. அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கு உணவான அந்நாள்களில் சோறு விற்பவன் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? போருக்குப் பின் தொழில் மீண்டது. ஆனால் 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், தமிழகத்துக் கரையூர்களிலிருந்து இளைஞர் தாராளமாக வந்துபோன வழியைக் குறுக்கியது. வந்து போகிறவனாக இருந்தவன், இங்கேயே குடும்பம் அமைத்து நிலைத்தவனானான்.

அதனினும் பெரிய மாற்றம் துறைமுகத்தினின்று வந்தது. 1969இல் பினாங்கின் வரியற்ற துறைமுகத் தகுதி நீக்கப்பட்டது. கப்பல் வேலை எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்கு நகர்ந்தது. பெட்டகக் கப்பல்கள் வந்தபின் ஆயிரம் தோள்கள் செய்த வேலையைப் பாரந்தூக்கிப் பொறிகள் செய்தன. நாசி கண்டாரை உண்டவன் இல்லாது போனால் நாசி கண்டாரும் போயிருக்க வேண்டும். அவ்வாறு நிகழாமைக்குரிய காரணங்களுள் ஒன்று வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறவில்லை. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டு, மின்னணுத் தொழிற்சாலைகள் இரவும் பகலும் ஓடத் தொடங்கின. நள்ளிரவில் வேலை முடித்து வெளியேறும் தொழிலாளர் கூட்டம் மீண்டும் தோன்றிற்று. மூட்டை தூக்கியவன் இருந்த இடத்தில் மின்னணுச் சில்லு பொருத்தும் பெண் இருந்தாள். பசிக்கும் நேரம் மாறவில்லை. பின்னர் கோலாலம்பூர் முதலிய நகரங்களிலும் விடியவிடியத் திறந்திருக்கும் கடைகள் பெருகின. மக்கள் அவற்றை 'மாமாக்' கடை என்றனர். மாமா என்னும் தமிழ் உறவுப்பெயர் உருத்திரிந்து, ஒரு கடைவகையின் பெயராகிவிட்டது. உறவு சொல்லி அழைத்த பெயர் சில வாய்களில் ஏளனமாகவும் ஒலித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மலேசியத் தமிழர் வரலாறு எழுதுவோர் தோட்டத்தையும் கோவிலையும் சங்கத்தையும் விரிவாக எழுதினர். தெருவில் சோறு சுமந்தவனுக்கு அதில் ஓரிரு வரிகளுக்கு மேல் கிட்டவில்லை. அவன் கையேடு எழுதியவன் அல்லன். அவன் கணக்கு தோளிலும் வாயிலுமே இருந்தது. அவனோடு கடைத்தெருவில் வாழ்ந்தவர்களும் கலைந்து போயினர். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் பாதுகாப்புக் காலமும் முடிந்தபோது, ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கட்டடங்கள் காக்கப்பட்டன; விடுதிகள் பெருகின; அக்கட்டடங்களின் அஞ்சடியில் அமர்ந்து உண்டவரின் பிள்ளைகள் புறநகர் அடுக்குமாடிகளில் இருந்தனர். இம்முரண்பாட்டை மரபுக் காப்பாளர் எவரும் தீர்த்து வைத்ததாகத் தெரியவில்லை.

இளைய தலைமுறையினர் அனைவரும் அடுப்படிக்கு வர விரும்புவதில்லை. படித்தவன் வேறு தொழில் நாடுவது இயற்கையே. ஆகவே கடைகள் அயல்நாட்டுத் தொழிலாளரை நாடின. உள்ளூர் உணவின் தன்மை கெடும் என்னும் அச்சத்தால், சாலையோர அங்காடிகளில் அயல்நாட்டார் தலைமைச் சமையலராக இருத்தலாகாது என்று பினாங்கு மாநில அரசு 2016இல் தடை விதித்தது. அச்சம் பொருந்தாதது என்று சொல்ல இயலாது. ஆயினும் அயலான் என்னும் சொல்லின் பொருள் இத்தெருவில் எளிதன்று. நாசி கண்டாரை உருவாக்கியவனும் ஒரு காலத்தில் கப்பலிலிருந்து இறங்கிய அயலானே.

2020 மார்ச்சு 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தபோது, கடைகளில் அமர்ந்து உண்ணுதல் நின்றது. பொட்டலம் கட்டி வாங்கிச் செல்வதற்கே இசைவு இருந்தது. இரவுகள் இருண்டு கிடந்தன. கட்டுப்பாடு தளர்ந்தபின் பள்ளிவாசலருகே வரிசை மீண்டும் நீண்டது. அதில் சீனர், மலாய்க்காரர், தமிழர், வெளிநாட்டுப் பயணிகள் என எல்லாரும் நின்றனர். வாங்குபவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்க, பரிமாறுபவர் உட்புறம் திரும்பித் தமிழில் குரல் கொடுக்க, உள்ளிருந்து அடுத்த பானைச் சோறு வந்தது.