அம்புலி அழைத்த நா

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழவியின் நாவைக் கூர்ந்து நோக்கியவர்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனை ஒட்டக்கூத்தர் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மையைக் குமரகுருபரர் பாடினார். (அவரே ஐந்தாண்டு பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்தவர் என்பர்.)

‘கீர்’ என்பது சொல்லாதலின், செங்கீரைப் பருவம் குழவியைச் செஞ்சொல் பேச வேண்டுவது என்று உரைப்பாரும் உளர். அடுத்து வருவது தாலப் பருவம். ‘தால்’ என்பது நா. தாய் நாவசைத்துப் பாடுதலின் தாலாட்டு. அம்புலிப் பருவத்திலோ நிலவையே குழவியுடன் விளையாட அழைக்கின்றனர். மறுமொழி கூற இயலாத பருவத்திலேயே இத்துணைப் பேச்சு!

தில்லிக் குடியிருப்புகளில் பாட்டிமார் அரியர். அலுவலகம் மீண்ட நாமோ வாய் திறவோம். பிறகு, குழந்தை ‘பானி’ கேட்கிறதென்று வருந்துகிறோம்.

அன்றொரு மாலை மாடியில் அண்டை வீட்டுத் தமிழ்க் குழந்தை நிலவைக் காட்டிச் ‘சந்தா மாமா’ என்றது. ‘அம்புலி’ என்றோம். சற்றே விழித்து, ‘புலி’ என்றது.