தடுப்புக்கு வெளியே நின்றவர்கள்

பாரிஸ் லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு எபினே-சூர்-செய்னில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து, "அண்ணை, இதென்ன கோடு நடக்குதோ?" என்றுதான் கேட்பார்கள். நீதிமன்றம் போலத்தான் தோன்றும். நீண்ட மண்டபத்தின் கடைசியில் ஒரு சிறுவன் அரசனாக அமர்ந்திருக்கிறான், பக்கத்தில் தாய். இருமருங்கும் கர்தினால்மாரும் ஆயர்மாரும். தடுப்புக்கு வெளியே, இருக்கை இல்லாமல், நீண்ட அங்கி போட்ட போதகர்கள். ஆட்களுக்கு அருகே பொடி எழுத்துகள் பொறித்து, எந்த எழுத்து யாரைக் குறிக்கிறது என்று அடியில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள்.

லியோன் பக்கத்துக் கலைஞர்களான பெரிசாவும் தோர்தொரெலும் செய்து 1570 அளவில் ஜெனீவாவில் வெளியான நாற்பது அச்சுப் படங்களில் இது ஒன்று. என்னிடம் இருப்பது பிற்காலப் பிரதி. அந்த நாற்பதில் பெரும்பாலானவை போர், கொலை, தண்டனை. வாய்ப்பேச்சைக் காட்டும் படம் என்பதாலேயே இதை வாங்கினேன்.

எங்கள் ஊரைத் தாண்டி ஓடும் செய்ன் நதி வளைந்து வளைந்து போய்ச் சேரும் புவாசியில்தான் இந்தப் பேச்சு நடந்தது. 1561 செப்டம்பர் 9, தொமினிக்கன் கன்னியர் மடத்தின் உணவு மண்டபம். அரசன் ஒன்பதாம் சார்லுக்கு வயது 11. ஆட்சி தாய் கத்தரீன் தெ மெடிசியின் கையில். நாடு இரண்டாகப் பிளக்கும் முன் கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்துக்காரர் என்ற இரு தரப்பையும் பேச வைத்துவிடலாம் என்று அவர் நம்பினார். நீதித்துறைத் தலைவர் லொபித்தாலும் அவரோடு நின்றார். புரட்டஸ்தாந்துத் தலைவர் கல்வின் வரவில்லை, அவருடைய வலதுகையான தெயொடோர் தெ பெஸ் ஜெனீவாவிலிருந்து வந்தார்.

பெஸ் முழந்தாளிட்டுச் செபித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார். மூவொரு கடவுள், மீட்பு என்று நெடுநேரம் பொறுமையாகக் கேட்டார்கள். நற்கருணைக்கு வந்தபோதுதான் வெடித்தது. வானம் பூமிக்கு எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் கிறிஸ்துவின் உடல் அப்பத்துக்கும் இரசத்துக்கும் தூரம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். தேவதூஷணம் என்று ஆயர்மார் கத்தினார்கள். முதிய கர்தினால் தூர்னோன் அரசியைப் பார்த்து, இதை எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று முறையிட்டார். அரசி பெஸ்ஸைப் பேசி முடிக்க விட்டார். அதற்காகவே அந்தப் பெண்மேல் எனக்கு மரியாதை உண்டு. பின்னால், 1572-இல், புரட்டஸ்தாந்துக்காரரைக் கொன்று குவித்தபோது அவர் பெயரில் ஏறிய இரத்தப் பழியையும் நான் மறக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்துச் சில்லாலைப் பக்கத்துக் கத்தோலிக்கன். நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழந்தாளிட்டு வளர்ந்தவன். பெஸ் சொன்னது என் நெஞ்சிலும் குத்துகிறது. ஆனாலும் உயிருக்கு உத்தரவாதமில்லாத நாட்டில், தடுப்புக்கு வெளியே நின்றபடி, மழுப்பாமல் பேசிய அந்தத் துணிவை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு மாதத்தில் பேச்சு முறிந்தது. 1562 ஜனவரியில் ஓர் அரசாணை, ஊர்மதிலுக்கு வெளியே வழிபட மட்டும் புரட்டஸ்தாந்துக்காரரை அனுமதித்தது. மார்ச் 1-ஆம் திகதி வாசி என்ற ஊரில், கொட்டிலொன்றில் கூடி வழிபட்டவர்களை கீஸ் பிரபுவின் ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். புவாசியில் கத்தோலிக்கர் தரப்பில் பெஸ்ஸுக்குப் பதில் உரைத்த லொரேன் கர்தினால், இந்தப் பிரபுவின் கூடப்பிறந்தவர். பிறகு 1598 வரை போர்தான்.

வருகிறவர்களுக்கு நான் இதோடு கதையை முடிப்பதில்லை. பெஸ்ஸின் அதே கல்வினிய மதம் 1658-இல் ஒல்லாந்தரோடு யாழ்ப்பாணத்தில் இறங்கியது. இம்முறை ஆளும் மதமாக. கத்தோலிக்கக் குருவானவருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரணதண்டனை என்று அதே ஆண்டு கட்டளை போட்டார்கள். போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் ஒல்லாந்தர் கோயில்களாயின. ஞானஸ்நானமும் கலியாணமும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறினால்தான் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை. அக்கோயில்களின் செதுக்குப் படங்களோடு போதகர் பல்தேயுஸ் 1672-இல் ஆம்ஸ்ரடாமில் புத்தகம் போட்டார். அவையும் அழகான படங்கள்தான். எங்கள் சனம் பட்ட பாடு அவற்றில் இல்லை.

1685-இல் பதினான்காம் லூயி பிரான்சில் புரட்டஸ்தாந்து வழிபாட்டை முற்றாகத் தடைசெய்தான். போதகர்கள் ஒல்லாந்துக்கு ஓடினார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 1687-இல், அந்த ஒல்லாந்தரின் கண்ணில் படாமல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். நோயில் விழுந்து தேறிய பிறகு சில்லாலையில் மறைந்திருந்து, இரவில் பூசை வைத்தார். அங்கும் நெருக்கடி முற்றியதும் தெற்கே நகர்ந்து 1692-இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்று முதலில் சிறையில் போட்டாலும், புவாசியில் கத்தரீனால் வாங்கிக் கொடுக்க முடியாத வழிபாட்டுச் சுதந்திரத்தை அவருக்குப் பின்னர் கொடுத்தவன் ஒரு பௌத்த அரசன், இரண்டாம் விமலதர்மசூரியன்.