புழுக்கலும் புழுங்கலும்

அரிசிக் கடையில் விலை கேட்பதற்கு முன்னால் கடைக்காரர் கேட்பது, "பச்சையா, புழுங்கலா?" என்பதைத்தான். பொன்னியா வேறு ரகமா என்பதெல்லாம் பிறகு. ஒரே வயலில், ஒரே நாற்றில் விளைந்த நெல்கூட அறுவடைக்குப் பின் இந்த இரண்டு பெயர்களில் ஒன்றை ஏற்கிறது. புழுங்கல் என்பது பயிரின் பெயரன்று. நெல்லுக்கு நாம் செய்யும் ஒரு வேலையின் பெயர். அந்த வேலை எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை அறிந்தால், அந்தச் சொல்லின் மேலேயே மரியாதை வரும்.

புழுங்குதல் என்றால் வெம்மையில் வெந்து வியர்த்தல். காற்றசையாத சித்திரை இரவில் "ஒரே புழுக்கமா இருக்கு" என்கிறோம். வெளியே சொல்ல முடியாத வேதனை மனப்புழுக்கம். நெல்லுக்கும் இதுதான் நடக்கிறது. உமிக்குள் அடைபட்ட அரிசி, தண்ணீரும் ஆவியும் புகுந்து உள்ளேயே வேகிறது.

அடங்கு - அடக்கு, ஒதுங்கு - ஒதுக்கு என்பவை போலப் புழுங்கு தன்வினை, புழுக்கு பிறவினை. தானாக வெந்தது புழுங்கல்; நாம் வேகவைத்தது புழுக்கல். பழந்தமிழில் அதிகம் புழங்கியது இரண்டாவதுதான். சோற்றுக்குரிய பழம்பெயர்களில் புழுக்கல் ஒன்று. ஆனால் சோறு மட்டுமே புழுக்கப்படவில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் கொடுக்கும் விருந்தில் அறுகம்புல் தின்று கொழுத்த ஆட்டின் இறைச்சி 'புழுக்கு' எனப்படுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் முல்லை நிலத்துச் சிற்றூரார் வழிப்போக்கனான பாணனுக்கு வரகுச் சோறு படைக்கிறார்கள். அதன் மேல் இடுவது வெந்த அவரை. அதற்கும் புழுக்கு என்றே பெயர். இந்த வரகையும் அவரையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இவை தேவைப்படும்.

தமிழகத்தில் இந்தப் பொதுப்பொருள் சுருங்கி, புழுங்கல் என்றாலே அரிசி என்றாகிவிட்டது. மலையாளத்தில் பழைய பொருள் இன்னும் வாழ்கிறது. மரவள்ளியை வேகவைத்துத் தேங்காய் அரைத்துச் சேர்த்தால் கப்பப் புழுக்கு. திருவாதிரை நோன்புக்குக் கிழங்குகளும் பயறும் சேர்ந்தது திருவாதிரைப் புழுக்கு. புழுங்கலரிசி அங்கே புழுக்கலரி. யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல் பனையோடு சேர்ந்தது. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் உள்ள அதே உறவு. வேகவைத்து, பிறகு காயவைத்து, நாள்பட வைத்து உண்பதுதான் இந்தச் சொல்லின் நடுப்பொருள்.

நெல்லுக்கு அதை எப்படிச் செய்தார்கள்? முதல் நாளே நெல்லைத் தொட்டியிலோ அண்டாவிலோ ஊறப்போடுவார்கள். மேலே மிதக்கும் பதரை அரித்து நீக்குவார்கள். மறுநாள் விடியுமுன் அடுப்பு மூட்டி அவிப்பார்கள். 'நெல்லு அவிக்கிறது' என்பதே ஊர்ப்பேச்சு. ஆவி மேலே வந்து, மேலடுக்கு நெல்லின் உமி வாய் பிளந்தால் பதம். சுடச்சுடக் களத்தில் கொட்டிப் பரப்பி, காலால் சால் சாலாகத் துழாவிக்கொண்டே இருப்பார்கள். இடையில் குவித்து ஆறவிட்டு மீண்டும் பரப்புவதும் உண்டு. காய்ந்ததா என்று பார்க்க ஒரு நெல்லை உரித்துப் பல்லிடையில் வைத்துக் கடிப்பார்கள். நறுக்கென்று உடைய வேண்டும். காய்ச்சல் மிஞ்சினால் அரைவையில் குருணையாகிவிடும். குறைந்தால் மூட்டையில் பூசணம் பிடிக்கும். புழுங்கல் ஒரு முறை வெந்தது என்பதாலேயே அதைப் படையலுக்கு ஆகாது என்று விலக்கும் வீடுகள் இன்றும் உண்டு. சமைத்த உணவில் பாதி என்று அதை அவர்கள் கணக்கிட்டது ஒரு வகையில் சரிதான்.

இந்தக் களத்து வேலையின் மதிப்பு உலகுக்குத் தெரிந்தது மலாயாவில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்கிழக்காசியாவில் பெரிபெரி நோய் பரவலாக உயிர் குடித்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தளரும், கடைசியில் இதயம் நின்றுவிடும். கிருமி என்றார்கள், நச்சு என்றார்கள். மலாயாவில் பணியாற்றிய பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் நோயில் விழுந்தார்கள். அவர்களைப் போலவே பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது பெரும்பாலும் வரவில்லை. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. 1907இல் அவர் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார்.

அந்தப் புத்தகம் வருமுன்பே அதன் கருத்தை வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தார். 1905இன் இறுதியில் நோயாளிகளை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கக் கட்டடத்தில் தங்கிப் பழையபடி சயாம் பச்சரிசியை உண்டார்கள். இரட்டைப்படைக்காரர்களுக்கு எதிர்ப்பக்கக் கட்டடம், இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்குமோ என்ற ஐயம் தீர, நடுவில் இரு கூட்டத்தையும் இடம் மாற்றினார். பச்சரிசிக் கூட்டத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் கூட்டத்தில் அந்த நோயால் ஒரு சாவும் இல்லை.

காரணம் நெல்மணிக்குள்ளேயே இருக்கிறது. தயமின் என்ற பி1 வைட்டமின், உமிக்கு அடியில் இருக்கும் தவிட்டுப் படலத்திலும் நுனியில் இருக்கும் முளைக்கருவிலும்தான் மிகுதி. பச்சை நெல்லை ஆலையில் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடும். ஆனால் அது நீரில் கரையக்கூடியது. நெல் ஊறும்போது கரைந்து மணியின் உள்ளே இறங்குகிறது. ஆவியில் மாவுச்சத்து இளகி, காயும்போது இறுகி அதை உள்ளே பூட்டிவிடுகிறது. புழுங்கல் மணி மங்கிய வெண்மை இழந்து, சற்று மஞ்சளோடி, ஒளி ஊடுருவுவதாகத் தெரிவது இதனால்தான். தீட்டினாலும் களைந்தாலும் அதில் இழப்பு குறைவு. ஜாவாவில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி கொடுத்து நோயின் வேரைத் தேடிய எய்க்மன் என்ற மருத்துவர் 1929இல் நோபல் பரிசு பெற்றார். தயமின் ஜாவாவிலேயே 1926இல் படிகமாகப் பிரிக்கப்பட்டது.

இந்தியாவில் இந்த ஆய்வு குன்னூரில் வேர்விட்டது. 1918இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தின் வடக்கே, பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் அந்த நோய் இருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிதாகவே இருந்தது. அந்த அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

ஆனால் புழுங்கலைப் பாராட்டும் ஆர்வத்தில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அதே மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாப் உணவு உண்டவை நன்கு வளர்ந்தன. சோறு மிகுந்து மற்றவை குறைந்த சென்னை உணவு உண்டவை நலிந்தன. புழுங்கல் பெரிபெரியைத் தடுக்கும். உடம்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் அதுவே தந்துவிடாது. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, வைட்டமின் ஏ, சி எல்லாம் கீரையிலும் காயிலும் பழத்திலும் பாலிலும் மீனிலும் முட்டையிலும்தான் கிடைக்க வேண்டும்.

இங்கேதான் அந்த முல்லை நிலத்து வீட்டின் வரகும் அவரையும் வருகின்றன. தானியப் புரதத்தில் லைசீன் குறைவு, மெத்தியோனைன் தேவைக்கு உண்டு. பருப்பில் இதற்கு நேர்மாறு. இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும். இட்லியில் உளுந்தும் பொங்கலில் பாசிப்பருப்பும் சோற்றில் சாம்பாரும் அந்த இணையைத்தான் தொடர்கின்றன. சிக்கல் அளவில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் தட்டில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. இவை எல்லாம் சமைக்குமுன் உள்ள அளவுகள். அரிசியைவிடக் காய்க்கு எடை கூடுதல் என்பதைக் கவனியுங்கள். நம் இலைகளில் இது தலைகீழாக இருக்கிறது: சோறு குன்றாக, பொரியல் ஓரத்தில், சாம்பாரில் பருப்பு தேடினால் கிடைக்கும் அளவில்.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. அன்றாடச் சோற்றுக்கு, முடிந்தவரை குறைவாகத் தீட்டிய புழுங்கலை வாங்குவது. ஐந்தாறு முறை களையாமல் ஒன்றிரண்டு முறையோடு நிறுத்தி, வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடிப்பதோ ரசத்தில் சேர்ப்பதோ செய்வது. மூன்றாவதுதான் பெரியது: ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பையும் கீரையையும் கூட்டுவது. புழுக்கு என்ற சொல்லுக்குள் சோறும் இறைச்சியும் அவரையும் ஒரு காலத்தில் சமமாக இருந்தன. சொல் அரிசியாகச் சுருங்கியதில் இழப்பில்லை. உணவும் அதோடு சேர்ந்து அரிசியாகச் சுருங்கியதுதான் நாம் சரிசெய்ய வேண்டிய குறை.