ஆருட மகள்? மன்னார் வாரிசுரிமை வழக்குகளும் ஊரின் சாட்சியமும்

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் மன்னார் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டது பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. காணி போனதும் கடை போனதும் தோணியும் வலையும் போனதும் பதிவாகியுள்ளன. நான் இங்கே எடுத்துக்கொள்வது அதிகம் பேசப்படாத ஓர் இழப்பை: இன்னாருடைய பிள்ளை இன்னார் என்பதற்கான சாட்சியம்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. எருக்கலம்பிட்டிக்கும் தாராபுரத்துக்கும் முசலிப் பக்கத்துக்கும் சனம் திரும்பியபோது, காணிக்குச் சொந்தக்காரர் பலர் உயிரோடு இல்லை. வாப்பா மௌத்தானது புத்தளத்து முகாமில். நிக்காஹ் நடந்தது ஊர்ப் பள்ளியில். பிள்ளை பிறந்தது வீட்டில், மருத்துவிச்சி கையில். உறுதி எங்கே போனதென்று எவருக்கும் தெரியாது. இந்த நிலையில் மரணசாதன வழக்குப் போட்டால் நீதிமன்றம் முதலில் கேட்பதும் ஊர்ப் பெரியவர்கள் கேட்பதைத்தான்: நீ ஆருட பிள்ள?

பதிலின் கனத்தைக் கணக்கில் பார்ப்போம். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரணசாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின்படி பங்கிடப்படும். நம்மூரில் அது ஷாபிஈ. ஒருவர் மனைவி, ஒரே மகள், ஒரு சகோதரர் ஆகியோரை விட்டு இறந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்குப் பாதி, மிச்சம் எட்டில் மூன்று சகோதரருக்கு. மகள் மகளே இல்லையென்று ஆக்கிவிட்டால் மனைவிக்குக் கால் பங்கு, முக்கால் பங்கு சாச்சாவுக்கு. சாச்சாமார் எல்லாரும் அப்படியில்லை, அல்லாஹ் காப்பாத்தணும். ஆனாலும் ஆசைக்கு இடமிருக்கிறது.

காணியில் சாச்சாதான் இருக்கிறார் என்றால் விஷயம் இன்னும் கூர்மையாகும். பத்து வருட எதிரிடையான ஆட்சி காலவிதிப்பு உரிமை தரும். ஆனால் பங்காளி ஒருவரின் ஆட்சி மற்றப் பங்காளிகளின் ஆட்சியாகவே கொள்ளப்படும் என்று 1911இல் இலங்கை வழக்கொன்றில் பிரிவி கவுன்சில் தீர்த்தது. ஆகவே மகள் என்று நிறுவிவிட்டால் அவள் பங்காளி. வெறும் காலக்கணக்கை மட்டும் காட்டி அவளை வெளியே தள்ள முடியாது. நிறுவாவிட்டால் அவள் அந்நியள்.

இந்தச் சண்டை புதிதல்ல. மக்கா வெற்றியின்போது ஸம்ஆவின் அடிமைப் பெண் பெற்ற பிள்ளைக்காக ஸஅத் இப்னு அபீவக்காஸும் அப்து இப்னு ஸம்ஆவும் நபியவர்களிடம் வந்தார்கள். பிள்ளை படுக்கைக்குரியவருக்கே என்று தீர்ப்பானது. வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து ஒருவரை ஏற்றுக்கொண்டால் வம்சம் உறுதியாகும் என்பதற்கு ஷாபிஈ அறிஞர்கள் காட்டும் ஆதாரமும் இதுதான்.

தகப்பனே 'இவன் என் பிள்ளை' என்று சொல்லும் இக்ரார் அதைவிட வலுவானது. அதற்கும் எல்லை உண்டு. வங்காளத்து பொக்ரா நவாப் அப்துஸ் சுப்ஹான் சௌத்ரியின் மகன் தான் என்று ஹபீபுர் ரஹ்மான் தொடுத்த வழக்கில், பிரிவி கவுன்சில் 1921இல் அதைச் சொன்னது: இக்ரார் திருமணத்தை ஊகிக்க வைக்கும், திருமணமே நடக்கவில்லை என்று தெளிவானால் இக்ராரால் மட்டும் சட்டபூர்வ மகன் உண்டாக மாட்டான். அவர் தோற்றார். இன்றைய மரபணுச் சோதனைக்கும் இதே குறை உண்டு. அது இரத்தத்தைக் காட்டும், நிக்காஹைக் காட்டாது.

அப்படியானால் நிக்காஹை எப்படிக் காட்டுவது? 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 16ஆம் பிரிவில் பதிவில்லை என்ற ஒரே காரணத்தால் திருமணம் செல்லாமல் போகாது என்கிறது. பழைய ஆட்கள் பலர் பதியாமல் விட்டதும் அதனால்தான். பிறகு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கூட்டில் 'இல்லை' விழுந்துவிடும். எழுதினவருக்கு ஒரு சொல். பிள்ளைக்கு வாழ்நாள் வழக்கு. பள்ளிக் கடுத்தம் இருந்தால் மஹர், கைக்கூலி, சாட்சிகள் எல்லாம் அதில் இருக்கும். வெளியேற்றத்தில் தொலைந்த கடுத்தப் புத்தகங்களை யார் எண்ணினார்கள்?

மிஞ்சுவது வாய். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு உறவை நன்கறிந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தையும் சான்றாக ஏற்கிறது. புத்தளத்தில் நான் பேசிய உம்மம்மா ஒருவர், "பேர் வெச்ச அண்டு சீனி குடுத்தது நான்தான், அவன்ட வாப்பாதான் காதுல பாங்கு சொன்னாரு" என்றார். சட்டம் தேடுவது இதைத்தான். இப்படிச் சொல்லக்கூடிய அயலவர்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் சிதறிப் போனார்கள்; பலர் அங்கேயே அடங்கிவிட்டார்கள்.

யுத்தத்தால் வழக்காட முடியாதிருந்தவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் இரண்டு வருட அவகாசம் தந்தது. சாட்சி தேடி அலைந்ததிலேயே பலருக்கு அது கரைந்தது. இறந்தவர் உறவைப் பற்றிச் சொன்ன சொல்லையும் 32(5) பிரிவு ஏற்கும். அது பிணக்கு எழுவதற்கு முன் சொல்லப்பட்டிருக்க வேண்டும். எழுபது கடந்தவர்களிடம் நம் பள்ளி நிர்வாகங்கள் வாக்குமூலம் எழுதி வாங்குவதானால் இப்போதே வாங்க வேண்டும். வழக்கு வந்த பிறகு சொன்னது அந்தப் பிரிவுக்குள் வராது.