தேர்வு முறைகேடு

தேர்வு முறைகேடு என்பது பார்த்தெழுதுதல், ஆள்மாறாட்டம், வினாத்தாளைக் கசியவிடுதல், விடைத்தாளைத் திருத்துதல் முதலிய நேர்மையற்ற வழிகளில் தேர்ச்சி பெற முயல்வதைக் குறிக்கும்.

காரணங்கள்

ஒரே தேர்வு வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கும் நிலை, கடும் போட்டி, கண்காணிப்புக் குறைபாடு ஆகியன இதனைத் தூண்டுகின்றன. சக மாணவரின் நடத்தையே மிகுந்த செல்வாக்குச் செலுத்துவதாக மெக்கேப், திரெவினோ ஆகியோரின் 1993ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கல்லூரியில் ஏமாற்றியோர் பணியிடத்திலும் அவ்வாறு நடக்கும் போக்கினை அதே ஆண்டில் ராண்டி சிம்சு எடுத்துக்காட்டினார்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2019 செப்டம்பர் 1 அன்று நடத்திய நான்காம் தொகுதித் தேர்வில், இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதிய பலர் முன்னிலை பெற்றதால் ஐயம் எழுந்தது. சிறிது நேரத்தில் மறையும் மையால் விடைகள் குறிக்கப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்டமை விசாரணையில் வெளிப்பட்டது. 2020 சனவரியில் 99 தேர்வர்களுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. கிராம நிர்வாக அலுவலர் உள்ளிட்ட பணிகளுக்கான இத்தேர்வில், முறைகேட்டால் பெறப்படும் ஒவ்வோர் இடமும் நேர்மையாக எழுதிய ஒருவர் இழக்கும் இடமாகும்.