யாரைப் பற்றிய ஆவணம்? கடலூர் மாவட்டத்தில் கைதுப் பதிவும் நீதிமன்றப் பதிவும்

அண்ணாமலை நகர்க் காவல் நிலையத்தின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் அறிந்தது 1992இல். திருட்டுச் சந்தேகத்தின் பேரில் அங்கே கொண்டு செல்லப்பட்ட ஒருவர் காவலில் இறந்தார். அவரைத் தேடிச் சென்ற மனைவி காவலர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். மாதர் அமைப்புகளும் இடதுசாரிக் கட்சிகளும் போராடிய பிறகே வழக்கு நகர்ந்தது. காவலர்கள் தண்டனையும் பெற்றார்கள். அந்த வழக்கு இன்றளவும் அப்பெண்ணின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இக்கட்டுரையில் அப்பெயர் வராது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவு 1983 முதலே நடைமுறையில் இருந்தது; இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு.

இங்கே இரண்டு தகவல்கள் இருக்கின்றன. கணவர் எப்போது பிடிக்கப்பட்டார், பிடித்தவர் யார், எங்கே வைக்கப்பட்டிருந்தார் என்பது ஒன்று. அது அன்றே ஊரறிந்திருக்க வேண்டியது. மனைவி யார் என்பது மற்றொன்று; அது வெளியே வந்திருக்கவே கூடாதது. நடந்தது தலைகீழ். இந்தத் தலைகீழ் நிலை 1992இன் பழைய கதை அன்று, கணினிமயமான இன்றைய பதிவு முறையிலும் அது வேறு உருவில் தொடர்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கைதுப் பதிவு முதன்மையாகக் கைது செய்தவரைப் பற்றிய ஆவணம். அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்தியதற்கு எழுதிக்கொடுக்கும் கணக்கு. நாமோ அதைக் கைதானவரின் ஜாதகக் குறிப்பாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டே இன்னொரு சாவு. 1993 மார்ச்சில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ராஜாக்கண்ணு திரும்பவில்லை. காவலிலிருந்து தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்திய பிறகே உண்மை வெளிவந்தது. பின்னர் காவலர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தால் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. படம் பார்த்தவர்கள் சித்திரவதைக் காட்சிகளை நினைவில் வைத்திருப்பார்கள். ஆய்வாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. நிலையத்தின் ஏடு ஒரு கதை சொன்னது. அந்தக் கதையை ஒப்பிட்டுப் பார்க்க வெளியே வேறு பதிவு இல்லை. எழுதுபவரும் காப்பவரும் படித்துக்காட்டுபவரும் ஒருவரே என்றால் அந்த ஏட்டுக்குச் சாட்சிய மதிப்பு எவ்வளவு?

இக்கேள்விக்குச் சட்டம் கொடுத்த விடை, ஏட்டின் ஒரு பகுதியைச் சுவரில் மாட்டு என்பது. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கைதுக் குறிப்பாணை, உறவினருக்குத் தகவல், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் அறிவிப்புப் பலகை ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. பின்னர் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 41சி பிரிவாக இது நுழைந்தது. அப்பிரிவின்படி மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே உள்ள பலகையில் கைதானவரின் பெயர், முகவரியோடு, கைது செய்த அதிகாரியின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். மாநிலத் தலைமையிடத்தில் பொதுமக்களுக்கான ஒரு தரவுத்தளமும் இருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்‌ஷா சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு இதன் இடத்தைப் பிடித்தது. மேலோட்டமாகப் படித்தால் இது முன்னேற்றம்தான். மாவட்டத் தலைமையிடத்தோடு நிற்காமல் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் தகவல் வைக்கப்பட வேண்டும்; மின்னணு முறையிலும் காட்டலாம்; உதவி ஆய்வாளர் நிலைக்கு அடுத்த கீழ்நிலையான அசிஸ்டன்ட் சப்-இன்ஸ்பெக்டர் அளவிலாவது ஓர் அதிகாரி இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் காட்டப்பட வேண்டியவை எவை என்று பாருங்கள்: கைதானவரின் பெயர், முகவரி, சுமத்தப்பட்ட குற்றத்தின் தன்மை. கைது செய்தவரின் பெயரைக் காணோம். பொதுமக்களுக்கான தரவுத்தளமும் பிரிவில் இல்லை. பழைய பலகை ‘இவரை இவர் பிடித்தார்’ என்றது. புதிய பலகை ‘இவர் இன்ன குற்றத்துக்காகப் பிடிபட்டார்’ என்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும் மிஞ்ச, அதிகாரம் பலகையிலிருந்து இறங்கிவிட்டது. சட்டமியற்றியவர்கள் திட்டமிட்டு இதைச் செய்தார்களா என்பது என் கேள்வியன்று. கைது செய்யும் அதிகாரி பெயர்ப்பட்டை அணிய வேண்டும் என்ற விதி அப்படியே தொடர்கிறது. சட்டையில் இருக்கலாம், சுவரில் வேண்டாம் என்பதுபோல் இருக்கிறது நிலைமை.

நடைமுறையில் ஒருவர் கைதானால் குடும்பத்தார் பலகையைப் பார்க்கப் போவதில்லை. தெரிந்த கட்சிக்காரருக்கும் வக்கீல் குமாஸ்தாவுக்கும் போன் போகிறது. அண்ணாமலை நகரில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மை. வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கிப் படிக்கும் மாணவர்களின் ஊர் இது. 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கும் போலீசுக்கும் இடையிலான உரசலுக்கு நெடிய வரலாறு உண்டு. மாணவர் இராசேந்திரன் 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். போராட்டத்தில் பிடிபடும் மாணவர்களை வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, மாலையில் விட்டுவிடுவது தமிழ்நாட்டு வழக்கம். மண்டபத்தில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் அவர்கள் எங்கே என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. ஆனால் அன்றைய முதல் தகவல் அறிக்கையில் சில பெயர்களும் ‘மற்றும் பலர்’ என்ற சொல்லும் ஏறிவிடும். பாஸ்போர்ட் சரிபார்ப்பின்போது அந்தப் பெயர் மீண்டும் தலைகாட்டும். பிள்ளையைத் தேடிய தகப்பனுக்குக் கிடைக்காத பதிவு, பிள்ளைக்கு வேலை கொடுக்க வருபவருக்குக் கிடைத்துவிடுகிறது.

முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) இணையத்தில் வருகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ‘யூத் பார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா’ தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பர் 7 அன்று நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் சி. நாகப்பனும் அளித்த தீர்ப்பு, பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றச் சொன்னது. இணைய இணைப்பு சிரமமான இடங்களுக்கு 72 மணி நேரம் வரை சலுகை. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு. எதை ஏற்றாமல் விடலாம் என்பதை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி முடிவு செய்ய வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் எஃப்.ஐ.ஆர். கைதுப் பதிவாகாது. ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று பதிவான வழக்கில் பத்து நாள் கழித்து ஒருவர் பிடிபடலாம். ஏற்கெனவே ஏற்றிய எஃப்.ஐ.ஆரில் அவர் பெயர் இராது. வழக்கே பதியாமல் விசாரணைக்கு அழைத்து வைத்திருக்கும் நிலையில், காட்ட எஃப்.ஐ.ஆரும் இல்லை. 1992இலும் 1993இலும் நடந்த அந்த இரு துயரங்களின் ஆபத்தான நேரம் இந்த இடைவெளியில்தான் இருந்தது.

இன்னொரு தடை, எண். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எஃப்.ஐ.ஆர். எண் இவற்றைக் கொடுத்தால் அறிக்கை வரும். எண் யாரிடம் இருக்கும்? புகார் கொடுத்தவரிடம் இருக்கும், அதுவும் எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கேட்டால் தெரியும். பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்ன பிறகும் சி.எஸ்.ஆர். வழக்கம் ஓயவில்லை.

நீதிமன்றப் பக்கம் நிலைமை மேல். குற்றவியல் நீதிமன்றம் திறந்த நீதிமன்றம் என்பது சட்டத்தின் அடிப்படை. ஈ-கோர்ட்ஸ் தளத்தில் கடலூர் முதன்மை அமர்வு நீதிமன்றம் தொட்டு சிதம்பரம் நீதித்துறை நடுவர் நீதிமன்றம் வரை வழக்கு நிலையைப் பார்க்கலாம். வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், வழக்கறிஞர் பெயர், எஃப்.ஐ.ஆர். எண் என்று எதைக் கொண்டும் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. ஆனால் ஒரே சம்பவம் எத்தனை எண்களில் உருமாறுகிறது என்பதைப் புதிதாகத் தேடுபவர் அறிந்திருக்க வேண்டும். நிலையத்தில் அது குற்ற எண். குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டால் நடுவர் நீதிமன்றத்தில் சி.சி. எண். கொலை போன்ற அமர்வு வழக்கானால் முதலில் பி.ஆர்.சி. எண், அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைத்த பின் எஸ்.சி. எண். ஜாமீன் மனுவுக்குத் தனி எண். சங்கிலியின் ஒரு கண்ணி தவறினால் மற்றதைப் பிடிக்க முடியாது. சிதம்பரம் கோர்ட் வளாகத்துக் குமாஸ்தாக்களுக்கு இது கைப்பாடம், குடிமகனுக்கு அப்படியன்று.

பெயர்த் தேடலிலும் ஒரு வேடிக்கை. எஃப்.ஐ.ஆர். தமிழில் எழுதப்படுகிறது, நடுவர் தமிழில் தீர்ப்பு எழுதுகிறார், தளத்திலோ பெயர் ஆங்கில எழுத்தில் ஏறுகிறது. சுப்பிரமணியன் என்ற பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம்? முதலெழுத்து முன்னால் வருமா, பின்னால் வருமா? தேடியவருக்கு வழக்கு கிடைக்காமல் போவதோடு, வேறொரு சுப்பிரமணியனின் வழக்கு அவர் தலையில் விழுவதும் நடக்கும். தமிழிலேயே பெயரைப் பதிந்து தந்தை பெயர், ஊர் சேர்த்துத் தேடவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

திரையில் தெரிவது நிலவரம். ஆவணம் வேண்டுமானால் நகல் மனு. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தீர்ப்பு நகல் உரிமை. தீர்ப்பால் பாதிக்கப்படாத மூன்றாம் நபருக்கு, உயர் நீதிமன்ற விதிகளின் கட்டணத்துக்கும் நிபந்தனைக்கும் உட்பட்டே கிடைக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கே குறுக்குவழி ஆகாது: நீதிமன்றக் கோப்பு நகலுக்கு நீதிமன்ற விதிகளின் வழியேதான் வர வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் இத்தீர்ப்பால் இழந்தது அதிகம். காரணம் கேட்கும் அதிகாரம் மீண்டும் அலுவலக மேசைக்குப் போய்விட்டது.

இனி மறுபக்கம். விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021 ஆகஸ்டில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கோரிக்கையின் நியாயத்தை உணர்ந்தும், சட்டமோ விதியோ இல்லாமல் நீதிமன்றமே பெயரை அழிக்கத் தொடங்கினால் குழப்பம் வரும் என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. விடுதலையானவருக்கு என்ன தீங்கு என்று கேட்பவர்கள், தமிழ்நாட்டுக் காவல் பணித் தேர்வு விதியைப் படிக்க வேண்டும். சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவர், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்கிறது அது. 2008இல் உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை ஏற்றது. நம் நடுவர்கள் விடுவிக்கும்போது ‘சந்தேகத்தின் பலன்’ என்ற தொடரைப் பழக்கத்தால் எழுதிவிடுவதுண்டு. அந்தத் தொடர் ஒரு கிராமத்துப் பையனின் கான்ஸ்டபிள் வேலையைத் தின்றுவிடும்.

பதிவு முழுவதையும் திறந்துவிட்ட நாட்டைப் பார்த்தாலும் பாடம் இருக்கிறது. அமெரிக்கக் கவுண்டிகள் பலவற்றில் ஷெரீஃப் அலுவலகமே கைதானோர் பட்டியலையும் படத்தையும் வெளியிடுகிறது. எவர் எங்கே இருக்கிறார் என்று குடும்பம் உடனே அறியலாம். அது பெரிய நன்மை. அதே படங்களை அள்ளி வெளியிட்டு, நீக்கப் பணம் கேட்கும் வியாபாரமும் அங்கே முளைத்தது. ஜார்ஜியா, கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் அதைத் தடுக்கச் சட்டம் செய்தன. கைதுப் படத்தில் தனியுரிமை இல்லை என்று 1996இல் சொன்ன ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2016இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. திறந்த ஆவணம் தானாகவே நீதி ஆகிவிடாது என்பதை அந்த நாடு பட்டுத் தெரிந்துகொண்டது.

ஆகவே திறப்பதா மூடுவதா என்ற விவாதம் தவறான இடத்தில் நடக்கிறது. முதல் 24 மணி நேரத்தில், அதாவது நடுவர் முன் நிறுத்தப்படும் வரை, கைதுப் பதிவு எவரும் எண் இல்லாமல் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். காவல் அதிகாரத்தின் மீது வேறு கண் இல்லாத நேரம் அது. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த பின் கண்காணிக்க நீதிபதி இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார். அப்போதிலிருந்து வழக்கும் தீர்ப்பும் திறந்திருக்கலாம். விடுதலையில் முடிந்தால், பெயரைக் கொண்டு தேடும் வசதி மட்டும் மூடப்பட வேண்டும். நீதிமன்றம் என்ன செய்தது, போலீஸ் என்ன செய்தது என்பது வழக்கு எண்ணின் கீழ் அப்படியே இருக்கட்டும். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் தயக்கத்துக்கும் இது ஓரளவு விடை: இங்கே தீர்ப்பு திருத்தப்படுவதில்லை, பெயர் அட்டவணை மட்டுமே மாறுகிறது. காலம் கழித்து மறக்கும் முறை நம் சட்டத்துக்குப் புதியதும் அன்று. சிறார் நீதிச் சட்டம் 2015, 24ஆம் பிரிவில், சிறாரின் தண்டனைப் பதிவை உரிய காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றமோ உச்ச நீதிமன்றமோ வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வேண்டியதில்லை. 37ஆம் பிரிவு, பலகையில் கைது செய்த அதிகாரியின் பெயரைக் கேட்கவில்லை. எழுதக்கூடாது என்றும் சொல்லவில்லை. டி.கே. பாசு தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. அண்ணாமலை நகர், சிதம்பரம் நகரம், தாலுகா, கம்மாபுரம் நிலையங்களின் பலகைகளில், கைதானவர் பெயருக்கு எதிரே கைது செய்தவரின் பெயரையும் பதவியையும் நேரத்தையும் எழுத மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.